மறு: ஊர் வீட்டுக்கு சின்ன சோலார் – பேனலுக்கு முன்னால் ஃபேன்

சங்கத்து உறவுகளுக்கு வணக்கம்.

2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பிறகு வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களுக்குக் கரண்ட் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. லட்சத்துக்கும் மேல் கம்பம் சாய்ந்தால் வாரியமும்தான் என்ன செய்யும். வீட்டில் இன்வர்ட்டர் இருந்தும் அப்போது பயனில்லை. முதல் ராத்திரியோடு பேட்டரி காலி, மறுபடி ஏற்றக் கரண்ட் இல்லை. அந்தப் பேட்டரிக்குத் தினமும் வெயிலிலிருந்து ஒருவேளைச் சாப்பாடு போட முடியுமா, எவ்வளவு ஆகும் என்றுதான் மஸ்கட் தம்பி கேட்டிருக்கிறார். முடியும். ஏற்கெனவே 12 வோல்ட் 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) டியூபுலர் பேட்டரியும் சைன்வேவ் இன்வர்ட்டரும் உள்ள வீட்டை மனதில் வைத்து எழுதுகிறேன். ஊரில் பாதி வீடு இப்படித்தான்.

முதலில் கடைக்குப் போய் பேனல் விலை கேட்காதீங்க. வீட்டில் எந்த ஃபேன் ஓடுகிறது என்று பாருங்க.

150 ஏஎச் பேட்டரியில் ஏட்டுக்கணக்குக்கு, 12 வோல்ட்டால் பெருக்கினால், 1800 வாட்-மணி (வாட்டை ஓடும் மணியால் பெருக்கியது). பாதிக்குமேல் இறக்கினால் பேட்டரி ஆயுள் குறையும், ஆகவே 900. இன்வர்ட்டர் தன் பங்கை எடுத்துக்கொண்டது போக வீட்டுக்கு வருவது 760 அளவில். பழைய சீலிங் ஃபேன் ஒன்று 75 வாட். இரண்டு ஃபேன் எட்டு மணி நேரம் ஓடினால் அதுவே 1200. பேட்டரி விடியும் முன்பே படுத்துவிடும். அதே இடத்தில் பிஎல்டிசி ஃபேன் (குறைந்த கரண்டில் ஓடுகிற மோட்டார் உள்ளது) 28 வாட். இரண்டும் எட்டு மணி நேரம் ஓட 448. நாலு எல்இடி பல்பு ஐந்து மணி நேரத்துக்கு 180, வைஃபை ரவுட்டருக்கு ஏறக்குறைய 100, செல்போன்களுக்கு 30. எல்லாம் சேர்த்து 760க்குள் அடங்கிவிடுகிறது. ஏறத்தாழ 6,000 ரூபாய்க்கு இரண்டு ஃபேன் மாற்றாவிட்டால், 15,000 ரூபாய்க்கு இன்னொரு பேட்டரியும் அதற்கு ஏற்ற பேனலும் வாங்கவேண்டி வரும். கையில் இருக்கிற காசு குறைச்சல் என்றால் இந்த வருஷம் ஃபேனை மட்டும் மாற்றி நிறுத்திக்கொள்ளுங்க. பேனல் அடுத்த வருஷம் வரட்டும்.

ஃபிரிட்ஜ், மிக்ஸி, மோட்டார் இந்தக் கணக்கில் கிடையாது. அப்பா கேட்டாலும் கிடையாது.

இனி பேனல். ராத்திரி எடுத்ததைத் திருப்பிப் போட, சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால், நாளுக்கு 1100 வாட்-மணி வேண்டும். நம்ம பக்கம் நல்ல வெயில் நாளில் ஐந்து மணி நேர முழு வெயிலுக்குச் சமமாகக் கிடைக்கும். 165 வாட் பேனல் இரண்டு போதும். ஐப்பசி, கார்த்திகையில் மூடாப்பு போட்டால் இதில் பாதிகூட வராது. அன்றைக்கு ஒரு ஃபேன்தான் என்று வீட்டில் சொல்லிவையுங்க.

வாங்கும்போது பெரும்பாலானோர் ஏமாறுவது இங்கேதான். 36 செல் (பேனலில் தெரிகிற கட்டம்) உள்ள பேனல் 12 வோல்ட் பேட்டரிக்கு ஆனது; வேலை செய்யும் வோல்ட் 18 வாக்கில் இருக்கும். 72 செல் உள்ள 335 வாட் பேனல் வாட்டுக்கு விலை மலிவு என்று அதைத் தள்ளிவிடுவார்கள். அது 37 வோல்ட், 9 ஆம்பியர் பேனல். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே சார்ஜைக் கட்டுப்படுத்துவது கன்ட்ரோலர். அதில் சாதாரண பிடபிள்யூஎம் வகை பேனலைப் பேட்டரியோடு நேராகக் கோர்ப்பது போலத்தான்; ஆம்பியர் அப்படியே போகும், மிச்ச வோல்ட் வீண். 9 ஆம்பியரைப் பேட்டரியின் 13 வோல்ட்டால் பெருக்குங்க: 117 வாட். 335க்குக் காசு கொடுத்து 117 வாங்கியதாக ஆகும். பெரிய பேனல்தான் வேண்டும் என்றால், மிச்ச வோல்ட்டை ஆம்பியராக மாற்றித் தருகிற எம்பிபிடி கன்ட்ரோலரும் சேர்த்தே வாங்கணும்.

எம்பிபிடி என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்து ஆயிரம் ரூபாய்க்கு விற்கிற நீலப் பெட்டிகள் பெரும்பாலும் பிடபிள்யூஎம்தான். கண்டுபிடிக்க, டிசி (பேனலும் பேட்டரியும் தருகிற ஒரே திசைக் கரண்ட்) அளக்கிற கிளாம்ப் மீட்டர், அதாவது வயரைக் கவ்வி ஆம்பியர் காட்டுகிற மீட்டர் ஒன்று போதும், எலக்ட்ரீஷியனிடம் இருக்கும். உச்சி வெயிலில், பேட்டரி கொஞ்சம் இறங்கியிருக்கும்போது பேனல் வயரில் ஒருமுறை, பேட்டரி வயரில் ஒருமுறை மாட்டிப் பாருங்க. பேட்டரிப் பக்கம் ஆம்பியர் கூடுதலாக இருந்தால் அசல். இரண்டிலும் ஒரே அளவு காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்க.

எந்தக் கன்ட்ரோலர் என்பதை முடிவு செய்வது விலையைவிட வயர் நீளம்தான். மொட்டை மாடித் தளத்தில் வெயில் ஏறினால் பேனல் சூடு 65 டிகிரி வரை போகும், 18 வோல்ட் என்பது பதினைந்தரைக்கு இறங்கும். இரண்டு பேனலையும் பேரலலில் (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) போட்டால் 18 ஆம்பியர். மாடியிலிருந்து பேட்டரிக்கு 15 மீட்டர் என்றால் போக வர 30 மீட்டர். 6 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயரிலேயே ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் போய்விடும். மிச்சம் 14க்குக் கீழே. பேட்டரி நிறைய 14.4 வேண்டும். கிட்டே போகப் போக ஆம்பியர் சுருங்கி, கடைசிக் கால்வாசி ஏறுவதற்குள் சாயந்திரம் ஆகிவிடும். தினமும் இப்படி அரைகுறையாக நின்றால் தட்டில் சல்ஃபேட் படிந்து இரண்டே வருஷத்தில் பேட்டரி செத்துவிடும். பழி பேட்டரிக் கம்பெனி மேல் விழும். ஆகவே 7 மீட்டருக்குள் என்றால் பேரலல், 6 ஸ்கொயர் எம்எம், 30 ஆம்பியர் பிடபிள்யூஎம். 20 ஆம்பியர் போதும் என்பார் கடைக்காரர். 18 ஆம்பியர் நாள்பூரா ஓடினால் அது வேகும். தூரம் கூடுதல் என்றால் இரண்டு பேனலையும் சீரிஸில் (ஒன்றின் பிளஸ்ஸை அடுத்ததன் மைனஸில்) போட்டு, 75 வோல்ட்டுக்குக் குறையாமல் தாங்குகிற எம்பிபிடி. அப்போது 36 வோல்ட், 9 ஆம்பியர்தான். 4 ஸ்கொயர் எம்எம் வயரே போதும்.

மாட்டும் வரிசை: கன்ட்ரோலரில் பேட்டரி முதலில், பேனல் பிறகு. கழற்றும்போது பேனல் முதலில். மாற்றிச் செய்தால் கன்ட்ரோலர் 12 வோல்ட் என்று அறியும் முன்பே பேனலின் முழு வோல்ட்டும் அதன் தலையில் இறங்கும். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்கணும். ஷார்ட் ஆனால் வயர் பற்றாமல் காப்பது அது ஒன்றுதான். பேனல் வயருக்கு டிசி எம்சிபி (கரண்ட் மிஞ்சினால் தானே வெட்டுகிற சுவிட்ச்). வீட்டு மெயினில் இருக்கிற ஏசி எம்சிபியை எடுத்து மாட்டிவிடுவார்கள், விடாதீங்க: டிசியில் பொறி அறுபடாது, உள்ளேயே எரியும். கன்ட்ரோலரைப் பேட்டரிக்கு நேர் மேலே ஆணியடித்து மாட்டக் கூடாது. ஆசிட் ஆவியில் அதன் டெர்மினல் பச்சை பூக்கும். பக்கத்துச் சுவரில் ஒரு மீட்டருக்குள் வைத்தால் சரி. கன்ட்ரோலரில் பல்பு படம் போட்ட ஓட்டை இரண்டு இருக்கும். அதில் இன்வர்ட்டரைக் கோர்க்காதீங்க. இன்வர்ட்டர் எப்போதும் நேரே பேட்டரிக்கு.

கம்பி வழி கரண்ட் இருக்கிறவரை இன்வர்ட்டரே பேட்டரியை நிரப்பி வைத்துவிடும், பேனலுக்கு வேலை இருக்காது. பில் குறையவில்லையே என்று யாரும் கேட்கவேண்டாம். இது கரண்ட் போன நாளுக்கான ஏற்பாடு. நாள்கணக்கில் கரண்ட் இல்லாதபோது ஒரு விஷயம்: சும்மா இருந்தாலும் இன்வர்ட்டர் 10, 15 வாட் தின்னும். நாள் முழுக்க ஆனில் விட்டால் 240 முதல் 360 வாட்-மணி வரை அதுவே குடித்துவிடும், ஒரு ஃபேனின் ராத்திரிப் பங்குக்கும் மேல் அது. பகலில் ஆஃப் செய்யச் சொல்லுங்க.

ஸ்டாண்டு தெற்குப் பார்த்து, 10 முதல் 12 டிகிரி சாய்வு. ஒன்றரை மீட்டர் நீளப் பேனலை நீளவாக்கில் சாய்த்தால் பின் கால் முன் காலைவிட ஒரு அடிக்குக் கொஞ்சம் குறைவாக உயரம். இதைவிடப் படுக்கவைத்தால் மழையில் தூசி வழியாமல் கீழ் விளிம்பில் சேறு கட்டும். தென்னை நிழல் பெரிய எதிரி. ஒரே ஒரு மட்டையின் நிழல் இரண்டு செல்லை மறைத்தாலும் அந்த வரிசை முழுக்கப் படுத்து பேனலில் பாதியோ அதற்கு மேலோ போய்விடும். காலை ஒன்பது, பகல் பன்னிரண்டு, மூன்று மணி என மாடியை மூன்று போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, பிறகு இடத்தை முடிவு செய்யுங்க. மரத்துக்கு நேர் கீழே வேண்டவே வேண்டாம், தேங்காய் விழும். கடல் காற்று ஊர், போல்ட் எல்லாம் எஸ்எஸ் (துருப்பிடிக்காத ஸ்டீல்).

செலவு: பேனல் இரண்டும் 10,000 பக்கம், பிடபிள்யூஎம் 1,500 அல்லது எம்பிபிடி 6,000, ஸ்டாண்டு 3,000, வயர், ஃபியூஸ், எம்சிபி, எர்த் எல்லாம் 4,000. ஃபேனையும் சேர்த்தால் 25,000 முதல் 29,000. கடைக்குக் கடை மாறும். பேரம் பேசுவதாக இருந்தால் பேனலில் பேசுங்க, வயரில் பேசாதீங்க.

– துபாயிலிருந்து

––––––––––

அண்ணே, இரண்டு கேள்வி. மத்திய அரசு 78,000 மானியம் தருகிறதே, அதில் 3 கிலோவாட்டாகப் போட்டுவிட்டால் என்ன? இன்னொன்று, இங்கே லித்தியம் பேட்டரி மலிவாகக் கிடைக்கிறது. பொங்கலுக்கு வரும்போது ஒன்று தூக்கி வரட்டுமா?

– மஸ்கட்டிலிருந்து

––––––––––

தம்பி, 2024 பிப்ரவரியில் வந்த பிஎம் சூர்யா கர் திட்டம் அது. 1 கிலோவாட்டுக்கு 30,000, 2க்கு 60,000, 3ம் அதற்கு மேலும் 78,000. ஆனால் கம்பியோடு இணைக்கிற ஆன்-கிரிட் பேனலுக்கானது. கம்பியில் கரண்ட் போனால் அந்த இன்வர்ட்டரும் அந்த நொடியே நின்றுவிடும். கம்பத்தில் ஏறி நிற்கிற லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள். உச்சி வெயிலில் மாடி நிறையப் பேனலை வைத்துக்கொண்டு வியர்வையில் உட்கார்ந்திருக்கவேண்டியதுதான். கம்பிக் கரண்ட் இல்லாதபோது பேட்டரியிலும் ஓடுகிற ஹைப்ரிட் இன்வர்ட்டரும் பேட்டரியும் வைத்தால் ஓடும், ஆனால் செலவு வேறு கணக்கு. வயசான இரண்டு பேர் இருக்கிற வீட்டில், இரண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம் போக, பில் எவ்வளவு வந்துவிடும்? ஏசி ஓடுகிற வீட்டுக்கு அந்தத் திட்டம் நல்லது.

லித்தியத்தைத் தூக்கி வராதே. பயணிகள் விமானத்தில் 160 வாட்-மணிக்கு மேல் அனுமதி இல்லை. 100 ஏஎச் பேட்டரி 1280. ஏர்போர்ட்டிலேயே எடுத்துவிடுவார்கள். ஊரிலேயே வாங்கினாலும் பழைய இன்வர்ட்டரில் மாட்டும் முன் அதில் லித்தியம் செட்டிங் இருக்கிறதா என்று பார். டியூபுலருக்கு என்று அது 15 வோல்ட் வரை ஏற்றினால் பேட்டரிக்குள் இருக்கிற பிஎம்எஸ் என்கிற பாதுகாப்பு சர்க்யூட் பட்டென்று வெட்டிவிடும்.

இருக்கிற டியூபுலரையே காப்பாற்று. ஆறு மூடியிலும் மிதவை சிவப்புக்கு இறங்காமல் பார்க்கணும், மாசம் ஒரு போட்டோ வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்கு. ஊற்றுவது டிஸ்டில்டு வாட்டர் மட்டும். ஆர்ஓ தண்ணீரும் சுத்தம்தானே என்று அம்மா ஊற்றிவிடுவார்கள், அதில் உப்பு மிச்சம் இருக்கும். ஆசிட் ஒருநாளும் ஊற்றக் கூடாது. பேட்டரி மேல் 200 ரூபாய் டிஜிட்டல் வோல்ட் மீட்டர் ஒன்று ஒட்டிவிடு. ஓய்வில் இருக்கும்போது 12.7 என்றால் முழுசு, 12.2 என்றால் பாதி. ‘பன்னிரண்டு புள்ளி இரண்டுக்குக் கீழே போனால் ஒரு ஃபேனை நிறுத்துங்க’ என்று சொன்னால் போதும், புரிந்துகொள்வார்கள்.

– துபாயிலிருந்து

––––––––––

ஊரில் வயரிங் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் இரண்டு வரி சேர்க்கிறேன் அண்ணே.

இன்வர்ட்டர் லைனுக்கு பேஸ் மட்டும் தனியாக இழுத்துவிட்டு நியூட்ரலைப் பழைய லைனிலேயே விட்டுவிடுகிறார்கள். ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனை வெட்டி ஷாக்கிலிருந்து காக்கிற சுவிட்ச்) உள்ள வீட்டில் ஃபேன் போட்டதும் டிரிப் ஆகும். உடனே ஆர்சிசிபி கெட்டுப்போச்சு என்று அதைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். ஆள் செத்தால்தான் தெரியும். இன்வர்ட்டர் லைனுக்கு நியூட்ரலும் தனியாக வேண்டும் என்று கேட்டு வாங்குங்க.

புயலுக்கு ஸ்டாண்டை எவ்வளவு கனமாகப் போடுவது என்று கேட்கிறார்கள். 120 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டரை 65, 70 கிலோ பாரத்தில் தள்ளும். இரண்டு பேனல் இரண்டு சதுர மீட்டர். அதைத் தாங்குகிற காங்கிரீட் போடுவதைவிட, போல்டைக் கையால் திருகுகிற விங் நட்டாகப் போட்டு, எச்சரிக்கை வந்ததும் கழற்றி இறக்குவது மேல். பேனல் ஒன்று 12 கிலோதான், இரண்டு பேர் போதும். முதலில் டிசி எம்சிபியை ஆஃப் செய்துவிட்டு, முடிந்தால் இருட்டியபின், பேனல் வயரை இணைக்கிற எம்சி4 கனெக்டரைப் பிரிக்கணும். கரண்ட் ஓடும்போது இழுத்தால் பொறி பறந்து கனெக்டர் ஊசி கருகிவிடும். பிரித்த முனைகளைப் பாலித்தீன் பையில் கட்டி வையுங்க, மழைத் தண்ணி உள்ளே போனால் திரும்ப மாட்டும்போது வேலை செய்யாது. இறக்கிய பேனலைக் கட்டிலுக்கடியில் படுக்கவைத்து மேலே மூட்டை அடுக்காதீங்க. சுவரோரம் நீளவாக்கில், கண்ணாடி சுவரைப் பார்த்து, அடியில் சாக்கு மடித்துப் போட்டு நிறுத்துங்க.