மீட்டரில் 61 ஆயிரம், ஓடியது லட்சத்துக்கு மேல்: வாங்க வருபவரிடம் சொல்ல வேண்டுமா?

திருச்சி_800:
அப்பா ஓட்டிய 2003 மாடல் மாருதி 800. ஆர்சி 2028 வரை இருக்கிறது. 2015-இல் ஸ்பீடோமீட்டர் கேபிள் அறுந்து, ரொம்ப நாள் முள் அசையாமலேயே ஓடியது. பிறகு மீட்டர் போர்டே போய்விட்டதால் பழைய சாமான் கடையில் வேறொன்று வாங்கி மாட்டினார். அது எந்த வண்டியில் ஓடியதோ, இன்று 61 ஆயிரம் காட்டுகிறது. 2015 சர்வீஸ் பில்லில் 88,400 என்று இருக்கிறது. ஞாயிறு ஒருவர் பார்க்க வருகிறார், அவருக்கு இதுதான் முதல் கார். "கேட்டா சொல்லுங்க, கேக்கலைன்னா விட்டுடுங்க" என்கிறார் எங்கள் மெக்கானிக். என்ன செய்யலாம்?

ஈரோடு_கன்சல்டிங்:
சார், இருபது வருஷ வண்டிக்கு யாரும் கிலோமீட்டர் பாத்து விலை போடறதில்ல. அடியில துரு இருக்கா, புகை தள்ளுதா, எத்தனாவது ஓனர், எஃப்சி எதுவரைக்கும், டயர் எப்படி, இதான் பேச்சு. நீங்க மீட்டரைத் திருப்பி ஏமாத்தலையே. நீங்களா வாயைத் திறந்தா அதையே பிடிச்சுக்கிட்டு அடிமாட்டு விலைக்குக் கேப்பாங்க. குறைச்ச பிறகும் "வேற என்ன மறைச்சீங்க"ன்னு வரும். பழைய வண்டி வாங்கி விக்கிற தொழில்ல இதைத் தினம் பாக்குறேன்.

ஸ்பேனர்_மதுரை:
அண்ணே, விலைக்கு மீட்டர் வேண்டாம், சரி. பராமரிப்புக்கு வேணுமே! 800-ல டைமிங் பெல்ட்னு இன்ஜினை ஓட்டுற ரப்பர் பெல்ட் இருக்கு, ஓடுன கிலோமீட்டரைப் பாத்துதான் அதை மாத்தணும். 61 ஆயிரம்னு நம்புற ஆள் "இன்னும் ஓடும்"னு விட்டுடுவார். பெல்ட் அறுந்தா நடுரோட்டுல நிக்கும். குடும்பத்தோட பைபாஸ்ல போகும்போது நின்னா? கியர் ஆயில், வாட்டர் பம்ப், கிளட்ச் எல்லாத்துக்கும் இதே கணக்குதான்.
இன்னொண்ணு, விவரமான ஆளைக் கூட்டிட்டு வந்தா அஞ்சு நிமிஷத்துல பிடிச்சிடுவாங்க. பிரேக் பெடல் ரப்பர் வழவழன்னு தேஞ்சிருக்கும், டிரைவர் சீட் ஒரு பக்கமா அமுங்கியிருக்கும். 61 ஆயிரத்துக்கு அப்படி ஆகாது.

கரூர்_ராசா:
பேசாம மீட்டரை 1,40,000-க்குத் திருப்பி வெச்சிடுங்களேன். பிரச்சினை தீர்ந்துச்சு.

ஸ்பேனர்_மதுரை:
அது இன்னும் மோசம் தம்பி. நல்ல எண்ணத்துல செஞ்சாலும் நாம குத்துமதிப்பா வைக்கிற நம்பர் அது. கேபிள் அறுந்து கிடந்தப்ப எவ்வளவு ஓடுச்சுன்னு யாருக்குத் தெரியும்? இருக்குறதைத் தொடாம, "இது உண்மையான கணக்கு இல்ல"ன்னு சொல்றதுதான் சரி.

நியூஜெர்சி_தமிழன்:
இங்கே அமெரிக்காவில் வண்டியை மாற்றி எழுதும்போதே இதற்கென்று ஒரு கட்டம் உண்டு. மீட்டர் உண்மையான தூரத்தைக் காட்டவில்லை என்றால் அதில் குறித்துக் கையெழுத்துப் போட வேண்டும். ரொம்பப் பழைய வண்டிகளுக்கு மட்டும் விலக்கு.

ஈரோடு_கன்சல்டிங்:
அது அந்த ஊர் சார். நம்ம ஊர்ல வண்டிப் பேர் மாத்துற ஃபார்ம் 29, 30-ல கிலோமீட்டருக்குக் கட்டமே கிடையாது. சட்டமே கேக்காததை நாம ஏன் சொல்லணும்?

சட்டம்_படித்தவன்:
பாதி சரி. 1872 ஒப்பந்தச் சட்டம் 17-ஆம் பிரிவின்படி, பேச வேண்டிய கடமை இல்லாதபோது வெறுமனே சும்மா இருப்பது மோசடி ஆகாது. சாதாரண கவனத்தோடு பார்த்தாலே வாங்குபவர் உண்மையைக் கண்டுபிடித்திருக்க முடியும் என்றால், விற்றவரின் மௌனத்தைக் காட்டி ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது என்று 19-ஆம் பிரிவும் சொல்கிறது. ஈரோடு அண்ணன் சொல்வது அதுவரைக்கும் நிற்கும். ஆனால் பொய் என்று தெரிந்தே ஒன்றை உண்மைபோலச் சொன்னால், அதே 17-ஆம் பிரிவின்படி அது மோசடி. திருச்சி நண்பரே, விளம்பரத்தில் என்ன போட்டிருக்கிறீர்கள்?

திருச்சி_800:
விளம்பரம் போட்டது மச்சான். கிலோமீட்டர் கட்டத்தில் மீட்டரில் உள்ள 61,000-ஐயே போட்டிருக்கிறார்.

சட்டம்_படித்தவன்:
அப்படியானால் நீங்கள் சும்மா இருக்கவில்லை, சொல்லிவிட்டீர்கள். இன்றைக்கே திருத்துங்கள். வண்டியை ஒப்படைக்கும்போது எழுதும் டெலிவரி நோட்டிலும் எழுதுங்கள்: "மீட்டர் போர்டு மாற்றப்பட்டது. அது காட்டும் எண் இவ்வண்டி ஓடிய தூரம் அல்ல. 2015 சர்வீஸ் பில்லின்படி 88,400. அதன் பிறகு ஓடியது தெரியாது." இருவரும் கையெழுத்துப் போட்டு, மீட்டரை ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள். அந்த ஆள் நாளை இன்னொருவருக்கு விற்கும்போதும் உங்கள் பெயர் இழுபடாது.

ஈரோடு_கன்சல்டிங்:
விளம்பரத்துல நம்பர் போட்டாச்சுன்னா நானும் திருத்தத்தான் சொல்வேன். அதுல பொய் வேண்டாம். ஆனா "மீட்டர் மாத்தினது"ன்னு ஒரு வரியில முடிங்க. 88,400, கேபிள்னு கதையெல்லாம் வேண்டாம். முதல் கார் வாங்குறவர் மிரண்டுடுவார்.

ஸ்பேனர்_மதுரை:
முதல் கார் வாங்குறவர்ங்கிறதாலதான் முழுசா சொல்லணும்ங்கிறேன். அனுபவப்பட்டவன் பெடலைப் பாத்தே கண்டுபிடிச்சிடுவான். இவருக்கு யார் சொல்லுவா? மூவாயிரம் குறைஞ்சாலும் பரவாயில்லண்ணே.

திருச்சி_800:
விளம்பரத்தை மாற்றிவிட்டேன். அவரிடமே போனில் எல்லாவற்றையும் சொன்னேன். வருகிறேன் என்கிறார். விலையைப் பற்றி இதுவரை பேசவில்லை. பெல்ட் எப்போது மாற்றியது என்று மட்டும் கேட்டார். அப்பாவின் பழைய பில்களில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஸ்பேனர்_மதுரை:
பில் கிடைக்கலைன்னா மாத்தவே இல்லைன்னு சொல்லிடுங்க. எடுத்த வாரமே புது பெல்ட் போட்டுக்கட்டும்.