பாக்டீரியோரொடாப்சின் நினைவகம்: நீர்மேல் எழுத்து நிலைக்குமா?

தும்பி:
பாக்டீரியோரொடாப்சின் என்னும் ஊதாநிறப் புரதம் பச்சை ஒளி பட்டதும் 'எம்' என்ற மஞ்சள் நிலைக்கு மாறும் என்றும், ஒன்றை 0 ஆகவும் மற்றதை 1 ஆகவும் கொண்டு தரவைப் பதியலாம் என்றும் படித்தேன். ஆனால் ஏறத்தாழ 10 மில்லிநொடியில் அது தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறதே! இது நீர்மேல் எழுத்தல்லவா?

கல்தச்சன்:
அந்த வேகம் நுண்ணுயிரியின் தேவைக்காக அமைந்தது. உவர்நீரில் வாழும் ஹாலோபாக்டீரியம் சலினாரம் என்னும் நுண்ணுயிரி, இப்புரதம் நிலைமாறித் திரும்பும் ஒவ்வொரு சுழற்சியிலும் ஒரு புரோட்டானை வெளியே தள்ளித்தான் ஒளியிலிருந்து ஆற்றல் பெறுகிறது. எம் நிலையில், புரதத்தினுள் ஒளியை உறிஞ்சும் மூலக்கூறான ரெட்டினாலின் பிணைப்பு இழந்திருக்கும் புரோட்டானைத் திருப்பித் தருவது, புரதச் சங்கிலியில் 96ஆவது இடத்திலுள்ள ஆஸ்பார்டிக் அமிலம். அதை ஆஸ்பராஜினாக மாற்றினால் எம் நிலை நொடிக்கணக்கில் நீடிக்கும். வேண்டாதபோது நீல ஒளியால் அழிக்கலாம். ஹோலோகிராம் (முப்பரிமாண ஒளிப்பதிவு) படலங்களில் இந்த மாற்றுருவே பெரிதும் பயன்பட்டது.

மின்மினி:
ஹோலோகிராமுக்கு அது போதும்; ஆண்டுக்கணக்கில் சேமிக்கப் போதாது. அமெரிக்க வேதியியலாளர் ராபர்ட் பர்ஜின் குழுவினர் 1990களில் கையாண்டது வேறொரு கிளைப்பாதை. புரதம் நிறைந்த ஒளிபுகும் கட்டியில் ஒரு மெல்லிய தளத்தை மட்டும் பச்சை ஒளியால் தூண்டி, சில மில்லிநொடி கழித்து அங்குள்ள மூலக்கூறுகள் சுழற்சியில் எம்முக்குப் பின் வரும் 'ஓ' நிலையை எட்டும் தருணத்தில், செங்குத்துத் திசையிலிருந்து சிவப்பு லேசரைத் தேவையான புள்ளிகளில் பாய்ச்சுவார்கள். ஓ நிலை அச்சிவப்பை உறிஞ்சி 'பி' நிலைக்கும், அதிலிருந்து 'கியூ' நிலைக்கும் போகும். கியூ நிலையில் ரெட்டினால் வழக்கமான சுழற்சியில் வராத 9-சிஸ் என்னும் வடிவில் இருப்பதால் சுழற்சிக்குத் திரும்பாமல் பல ஆண்டுகள் நிற்கும். தூண்டப்படாத மூலக்கூறுகள் அந்தச் சிவப்பை ஏறக்குறைய கண்டுகொள்வதே இல்லை. கட்டியின் உட்புறத்தில் ஒரு புள்ளியைத் தனியே எழுத முடிவது இதனால்தான்.

தும்பி:
தெளிவாயிற்று, நன்றி. அப்படியானால் இது ஏன் சந்தைக்கு வரவில்லை?

கல்தச்சன்:
சிவப்பொளியை உறிஞ்சும் மூலக்கூறுகளில் மிகச் சிலவே கிளைப்பாதையில் இறங்குகின்றன என்பதே முதல் தடை. படிப்பதற்கும் அதே பச்சை, சிவப்பு ஒளிகளையே மங்கலாகப் பயன்படுத்துவதால், ஒவ்வொரு வாசிப்பும் பதிவைச் சற்றே கலைக்கிறது. அவ்வப்போது புதுப்பித்தாக வேண்டும். இதற்கிடையில் வன்தட்டும் ஃபிளாஷ் நினைவகமும் மலிந்துவிட்டன. 80 டிகிரி செல்சியஸ் வெப்பத்தையும் தாங்கும் இந்தப் புரதத்தை நொய்மையானது என்று குறைகூற இயலாது. பர்ஜ் குழுவினர் பிற்பாடு, கியூ நிலைக்கு எளிதில் செல்லும் மாற்றுருக்களைத் தேடி, மரபணுவில் மாற்றம் செய்வதும் தேர்ந்தெடுப்பதுமாகப் பல சுற்றுகள் முயன்றதும் இந்த முதல் தடையைத் தாண்டத்தான்.