தோட்டத்தில் சிக்னல் இல்லை, ஓடிபி ஆப் எது போடலாம்?

மேட்டுத்தோட்டம்
போன மாதம் காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியில் போன் விழுந்துவிட்டது. போன் போனால் போகட்டும், பழசு. அதிலிருந்த ஆத்தென்டிகேட்டரில், அதாவது லாகின் செய்யும்போது கேட்கிற ஓடிபி எண்ணைத் தரும் ஆப்பில், ஒன்பது கணக்குகள். மெயிலுக்குள் திரும்ப நுழையப் பதினோரு நாள் ஆனது. ஒரு கணக்கு இன்னும் வரவில்லை. புது ஆண்ட்ராய்டு வாங்கியாகிவிட்டது. வாரத்தில் நாலு நாள் வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டம், மீதி நாள் கம்பம். தோட்டத்தில் சிக்னல் வேண்டுமென்றால் பாறை மேல் ஏறி நிற்க வேண்டும். எந்த ஆப் போடலாம்?

குமுளி செல்கடை
அண்ணே, கூகுள் ஆத்தென்டிகேட்டரைப் போட்டு, உங்கள் கூகுள் கணக்கில் லாகின் செய்துவிடுங்கள். 2023 ஏப்ரலில் இருந்து ஓடிபி கோடுகளைக் கூகுள் கணக்கோடு சேர்த்து வைக்கும் வசதி இருக்கிறது. போன் தொட்டியில் விழுந்தாலும் முல்லையாற்றில் போனாலும் புது போனில் எல்லாம் வந்து நிற்கும். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

கம்பம்மெட்டு ஜீப்
எதற்கு இந்த ஆப் எல்லாம்? எஸ்எம்எஸ் போதும். போன் போனாலும் டூப்ளிகேட் சிம் வாங்கிக்கொள்ளலாம். நான் இத்தனை வருஷமாக அப்படித்தான் ஓட்டுகிறேன்.

போடி இரவுப்பணி
ஜீப் அண்ணே, அவர் சிக்னலுக்குப் பாறை ஏறுகிறேன் என்கிறார், நீங்கள் எஸ்எம்எஸ் என்கிறீர்கள். டூப்ளிகேட் சிம் நீங்கள் மட்டுமா வாங்குவீர்கள்? உங்கள் பேரில் வேறொருவன் வாங்கினால் ஓடிபி அவனுக்குப் போகும். அதைத் தடுக்கத்தான் சிம் மாற்றினால் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ்ஸை நிறுத்தி வைக்கச் சொல்லி 2022-ல் தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டது.

செல்கடைத் தம்பிக்கும் ஒன்று. அந்தச் சேர்த்து வைக்கும் வசதி வந்தபோது, நாம் மட்டுமே திறக்கிற மாதிரியான பூட்டு அதில் இல்லை. அதை விடுங்கள். மெயிலுக்குள் போவதற்கான கோடே அந்த மெயில் கணக்குக்குள் இருந்தால் என்ன செய்வது? வீட்டைப் பூட்டிச் சாவியை உள்ளேயே வைத்த கதை. ஆண்ட்ராய்டு என்றால் ஏஜிஸ் என்ற ஆப்பைப் போடுங்கள். இலவசம், மூலநிரல் வெளிப்படை, யாரும் படித்துப் பார்க்கலாம். எல்லாக் கணக்கும் ஒரே ஃபைலில் பாஸ்வேர்டு பூட்டோடு இருக்கும். அதைப் பென்டிரைவில் போட்டு வைத்தால் முடிந்தது.

குமுளி செல்கடை
மெயிலுக்கு மட்டும், ஆப் இல்லாதபோது உள்ளே போக, எட்டு இலக்கத்தில் பத்து பேக்கப் கோடு தருகிறார்களே, அதை அச்சடித்து வைத்தால் உங்கள் கதை சரியாகிவிடும். என் கடைக்கு வருகிறவர்களைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். பேட்டர்ன் மறந்து வருகிறார்கள், மெயில் ஐடி என்ன என்று என்னிடமே கேட்கிறார்கள். அவர்களிடம் போய் ஃபைலை எடு, பென்டிரைவில் போடு என்றால் செய்வார்களா? உங்கள் ஏஜிஸ் ஐபோனிலும் இல்லை.

மேட்டுத்தோட்டம்
அடிப்படையாக ஒரு சந்தேகம். ஆப்புக்கு நெட்டே வேண்டாமா?

போடி இரவுப்பணி
வேண்டாம். முதல்நாள் ஸ்கேன் செய்கிற க்யூஆருக்குள் ஒரு ரகசியச் சாவி இருக்கிறது. அது உங்கள் போனிலும் இருக்கும், நீங்கள் லாகின் செய்கிற நிறுவனத்தின் சர்வரிலும் இருக்கும். இரண்டு பக்கமும் அந்தச் சாவியையும் அப்போதைய நேரத்தையும் வைத்து ஒரே கணக்கைப் போடுகின்றன. விடை ஆறு இலக்கம், 30 விநாடிக்கு ஒருமுறை மாறும். 2011-லேயே பொதுத் தரமாக வெளியான முறை. அதனால்தான் எந்த ஆப்பில் போட்டாலும் அதே எண் வரும்.

மேட்டுத்தோட்டம்
நேற்று தோட்டத்தில் ஃப்ளைட் மோடு போட்டுப் பார்த்தேன், எண் மாறிக்கொண்டே இருந்தது. ஆனால் கம்பம் வந்து லாகின் செய்தால் எல்லாம் தப்பு என்கிறது.

போடி இரவுப்பணி
போனில் மணி பாருங்கள்.

மேட்டுத்தோட்டம்
ஆறு நிமிஷம் முன்னால் ஓடுகிறது. தானியங்கி நேரத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன் போல. போட்டதும் சரியாகிவிட்டது!

உத்தமபாளையம் டீச்சர்
பென்டிரைவும் தொட்டியில் விழும் தம்பி. நான் செய்வதைச் சொல்கிறேன். க்யூஆர் வரும் பக்கத்திலேயே 'ஸ்கேன் செய்ய முடியவில்லையா' என்று சின்னதாக ஒரு லிங்க் இருக்கும். அழுத்தினால் அதே சாவி எழுத்தாக வரும். அதை நோட்டில் எழுதி வைத்துக்கொள்கிறேன். ஏ முதல் இசட் வரை எழுத்துகளும் 2 முதல் 7 வரை எண்களும் மட்டும்தான். 0-வும் 1-ம் கிடையாது, அதனால் இது ஓவா பூஜ்யமா என்று பிறகு முழிக்க வேண்டாம். யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். மலை ஈரத்தில் ஜெல் பேனா மை ஊறிவிடும், பால்பாயின்ட்டில் எழுதுங்கள்.

குமுளி செல்கடை
டீச்சர், நோட்டை யாராவது எடுத்தால்?

உத்தமபாளையம் டீச்சர்
பாஸ்வேர்டு அதில் இல்லையே. என் பீரோவைத் திறக்கிறவன் முதலில் நகையைத்தான் தேடுவான்.

கம்பம்மெட்டு ஜீப்
என் மச்சான் ஆத்தி என்ற ஓடிபி ஆப் வைத்திருக்கிறான். நல்லது என்கிறான்.

போடி இரவுப்பணி
ஆத்தி! பேரைக் கேட்டாலே பயமாக இருக்கிறது. உள்ளே போட்ட சாவியை வெளியே எடுக்கவே விடமாட்டார்கள். வேறு ஆப் மாற வேண்டுமென்றால் ஒவ்வொரு கணக்கிலும் போய்ப் புதிதாக ஸ்கேன் செய்ய வேண்டும். 2024 மார்ச்சில் கம்ப்யூட்டர் ஆப்பை நிறுத்தினார்கள். அதே வருஷம் ஜூலையில் வாடிக்கையாளர்களின் போன் நம்பர்கள் வெளியே போனதை அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது.

ஐபோன் வைத்திருப்பவர்கள் என்டே ஆத் என்ற ஆப்பைப் பாருங்கள். மலையாளத்தில் என்டே என்றால் என்னுடையது, உங்களுக்குத் தெரியாததா. அதில் கணக்கு திறந்தால் கோடுகள் உங்கள் எல்லா போனுக்கும் போகும், ஆனால் அவர்களாலேயே படிக்க முடியாத பூட்டு.

கம்பம்மெட்டு ஜீப்
பேங்க் ஓடிபிக்கும் இதையே வைக்கலாமா?

குமுளி செல்கடை
வைக்க முடியாது அண்ணே. பேங்க் எந்த வழி வைத்திருக்கிறதோ அதுதான், பெரும்பாலும் எஸ்எம்எஸ். வேறு வழிகளுக்கும் இடம் கொடுத்து ரிசர்வ் வங்கி 2025-ல் விதி போட்டது, 2026 ஏப்ரல் 1 முதல் அமல். உங்கள் பேங்க் எதைக் கொண்டுவருகிறது என்று பார்க்க வேண்டும். எந்த ஆப்பாக இருந்தாலும் போனில் கேட்கிறவனிடம் எண்ணைச் சொல்லிவிட்டால் கதை முடிந்தது. போலிப் பக்கத்தில் தட்டினாலும் அப்படியே.

மேட்டுத்தோட்டம்
சரி, ஏஜிஸ் போட்டுவிட்டேன். ஃபைல் கம்பத்து வீட்டுக் கம்ப்யூட்டரில். மெயில் சாவி மட்டும் டீச்சர் சொன்ன மாதிரி பால்பாயின்ட்டில்.

குமுளி செல்கடை
நான் சொன்னதைக் கேட்கவில்லை, பரவாயில்லை. அந்த ஃபைலின் பாஸ்வேர்டு மறந்தால் யாராலும் திறக்க முடியாது, என் கடைக்கும் வராதீர்கள். அதை எங்கே வைத்திருக்கிறீர்கள்?

மேட்டுத்தோட்டம்
அம்மாவிடம் சொல்லி வைத்தேன். அவர் பஞ்சாங்கத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிவிட்டார்.

உத்தமபாளையம் டீச்சர்
தம்பி, சித்திரை பிறந்ததும் பழைய பஞ்சாங்கம் எடைக்குப் போய்விடும்.