கிளை நூலகக் கணக்கு: படிவத்தில் எந்தெந்தப் பத்திகள் வேண்டும்?

கடற்காற்று, டர்பன்:
வணக்கம். தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் நகராட்சிக் கிளை நூலகங்கள் அனுப்பும் மாதக் கணக்கை, நாடு முழுமைக்கும் கூட்டக்கூடிய ஒரே படிவமாக்க வேண்டும். ‘பயனாளர்’ என்ற பத்தியில் ஒரு கிளை உறுப்பினர் தொகையைப் போடுகிறது, இன்னொரு கிளை உள்ளே வந்தவர் தொகையை. செலவுக் கணக்கு மாகாணத்தின் கணக்கோடு ஒத்துவருவதே இல்லை. வாசலில் எண்ணும் கருவி இல்லாத கிளைகளும் உண்டு. எதை எப்படிப் பிரிப்பது? தமிழ் நூல்களின் பயன்பாடு தனியாகத் தெரிய வழி இருக்கிறதா?

ஏட்டுக்கணக்கு:
‘பயனாளர்’ பத்தியை எடுத்துவிட்டு மூன்று பத்திகள் வையுங்கள்: பதிவான உறுப்பினர், ஆண்டுக்குள் ஒரு நூலாவது எடுத்தவர், வருகை. நூலகப் புள்ளிவிவரத்துக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 2789-உம் இவற்றைத் தனித்தனியாகவே வரையறுக்கிறது. ஊர் மாறிப்போனவர்களை நீக்காமல் விட்டால் முதல் எண் ஏறிக்கொண்டே போகும், அதை நம்பி எதையும் ஒப்பிட முடியாது.

இரண்டாவது எண்ணை மாதவாரியாகக் கூட்டவே கூடாது. ஜனவரியிலும் மார்ச்சிலும் நூல் எடுத்தவர் ஆண்டுக் கணக்கில் ஒருவர்தான். ஒரே அட்டை எல்லாக் கிளைகளிலும் செல்லும் நகராட்சியில் கிளைவாரியாகக் கூட்டினாலும் இதே தவறு வரும். ஆண்டு முடிவில் மென்பொருளில் அட்டை எண்ணை வைத்து ஒரே முறை எடுப்பதுதான் சரி.

இரவல் கணக்கில் புதிதாகக் கொடுத்ததும் புதுப்பித்ததும் வேறு வேறு பத்தி. வெற்றிடத்தைச் சுழியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘சேவை இல்லை’, ‘சேவை உண்டு, எண்ணவில்லை’, ‘0’ மூன்றுக்கும் மூன்று குறியீடு கொடுங்கள். கணக்கு அனுப்பாத கிளையைச் சுழியமாகக் கூட்டினால், தபால் தாமதமான ஆண்டில் நாடே வாசிப்பை நிறுத்திவிட்டதுபோலத் தெரியும்.

மாகாணத்தாள்:
செலவு ஒத்துவராததற்கு முதல் காரணம் நாட்காட்டி. தேசிய, மாகாண நிதியாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. நகராட்சிக்கு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. ஆண்டுத் தொகையாகக் கேட்டால் இரண்டும் என்றைக்கும் பொருந்தாது. மாதத் தொகையாக வாங்குங்கள், எந்த ஆண்டுக்கு வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம்.

இரண்டாவது, இரட்டைக் கணக்கு. அரசியலமைப்பின் 5ஆம் அட்டவணைப்படி தேசிய நூலகங்கள் தவிர்த்த நூலகங்கள் மாகாணத்தின் பொறுப்பு, ஆனால் கிளைகளை நடத்துவது பெரும்பாலும் நகராட்சி. 2007/08 முதல் வரும் சமுதாய நூலக நிபந்தனை மானியம் தேசியத் துறையிலிருந்து மாகாணத்துக்கும், அங்கிருந்து நகராட்சிக்கும் போகிறது. மூவரும் அதே ரேண்டைச் ‘செலவு’ என்று எழுதினால் அது மும்மடங்காகும். கடைசியில் பில் கட்டியவர் மட்டும் செலவில் எழுதட்டும், மற்றவர்களுக்கு ‘மாற்றிக்கொடுத்த தொகை’ என்று தனிப் பத்தி. மாகாணம் வாங்கிக் கிளையில் வைத்த நூல்களிலும் இதே சிக்கல்தான்: நூல் எந்த அலமாரியில் இருக்கிறதோ அங்கே ஒரு முறை எண்ணி, உரிமையாளர் யார் என்று பக்கத்தில் குறிக்க வேண்டும். சைபர் கேடட் (நூலகக் கணினிகளில் உதவும் இளைஞர்) போன்ற ஒப்பந்த ஊழியர்களைத் தலைக்கணக்காக எழுதாமல் வார மணிநேரமாக வாங்குங்கள்.

வாசற்படி:
கருவி உள்ள கிளைகளில்: போவதையும் வருவதையும் எண்ணும் ஒளிக்கற்றைக் கருவி என்றால் இரண்டால் வகுக்க வேண்டும். இருவர் தோளோடு தோளாக வந்தால் ஒன்றாகிவிடும், தள்ளுவண்டி போனால் ஆளாகிவிடும். ஆகவே கூட்டமான ஒரு மணிநேரமும் ஓய்வான ஒரு மணிநேரமும் கையால் எண்ணி ஒத்துப்பாருங்கள். லோட் ஷெடிங் எனும் முறைவைத்த மின்வெட்டில் நினைவு அழியும் கருவிகள் உண்டு, தினமும் மூடும்போது எண்ணைக் குறித்துவையுங்கள். இன்றைய எண் நேற்றையதைவிடக் குறைந்தால் கருவி சுழியத்துக்குத் திரும்பிவிட்டது என்று பொருள். மின்சாரம் இல்லாதபோது தாளில் எழுதிய இரவல்கள் பிறகு மென்பொருளில் ஏறினவா என்பதையும் கேளுங்கள். பல இடங்களில் அவை அப்படியே தொலைந்துபோகின்றன.

கருவி இல்லாவிட்டால் மாதிரி வாரம். பள்ளித் தவணை ஒவ்வொன்றிலும் ஒரு வாரம், விடுமுறையில் ஒரு வாரம். தவணைச் சராசரியைத் தவணை வாரங்களாலும் விடுமுறை எண்ணை விடுமுறை வாரங்களாலும் பெருக்கிக் கூட்டுங்கள். 52ஆல் பெருக்காதீர்கள், மூடியிருந்த வாரங்களைக் கழித்துவிடுங்கள்.

இன்னொன்று. நம் கிளைகளில் பாடம் படிக்கவே வரும் மாணவர்கள் இரவல் கணக்கில் தெரிவதில்லை. 10, 12, 2, 4 மணிக்கு நிரம்பிய இருக்கைகளை எண்ணிவையுங்கள். இது நெரிசலின் அளவுதான், வருகையோடு சேர்க்கக் கூடாது. இந்த எண் இல்லாமல் போனால், மெட்ரிக் (12ஆம் வகுப்பு இறுதி) தேர்வுக் காலத்தில் நிரம்பி வழியும் கிளைகூட இரவல் குறைந்தது என்ற ஒரே காரணத்துக்காக நேரக் குறைப்புப் பட்டியலில் ஏறிவிடும்.

கடற்காற்று, டர்பன்:
நன்றி. தமிழ் நூல்கள் பற்றி?

ஏட்டுக்கணக்கு:
படிவத்தில் அதிகாரபூர்வ மொழிகள் போக மற்றதெல்லாம் ‘பிற’ என்றால் தமிழ் அதற்குள் மறைந்துவிடும். அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு தமிழையும் தெலுங்கையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது, தனிப் பத்தி கேட்க அதுவே போதும். கிளையில் யாரும் கையால் எண்ண வேண்டாம். நூற்பட்டியல் மென்பொருள் பயன்படுத்தும் மார்க் (MARC) வடிவப் பதிவின் 008 புலத்தில் 35 முதல் 37 வரையான இடத்தில் மொழிக் குறியீடு இருக்கும், அதைக் கொண்டு இருப்பையும் இரவலையும் மென்பொருளே பிரித்துத் தரும். முதலில் தமிழ் அலமாரியிலிருந்து ஐம்பது நூல்களை எடுத்துப் பதிவைச் சரிபாருங்கள், ஆங்கிலக் குறியீட்டோடு ஏற்றியவை அதில் அகப்படும்.