இலங்கையோடு சேர்ந்து பேறுகாலப் பயிற்சி: என்ன கேட்டு வாங்குவது?

மேலூர் டீச்சர்:
மதுரைப் பக்கம் ஒரு நர்சிங் பள்ளியில் பேறுகாலப் பாடம் எடுக்கிறேன். ஒவ்வொரு மாணவியும் 20 பிரசவம் பார்த்திருக்க வேண்டும். கேஸ் புக்கில் இருபதும் இருக்கிறது. ஆனால் லேபர் வார்டில் ஒரு கட்டிலைச் சுற்றி ஹவுஸ் சர்ஜன், பி.எஸ்சி. பிள்ளைகள், எங்கள் பிள்ளைகள் என்று ஏழெட்டுப் பேர். குழந்தையைக் கையில் வாங்குவது ஒருத்தி, எழுதிக்கொள்வது எல்லாரும். போன வாரம் ஒருத்தி கேட்கிறாள், "டீச்சர், தலை தெரிஞ்சதும் கையை எங்க வைக்கணும்?" மூன்றாம் வருஷம் அவள்!

இலங்கைப் பள்ளி ஒன்றோடு சேரலாம் என்று நிர்வாகத்தில் பேச்சு அடிபடுகிறது. விமானத்தில் ஒரு மணி நேரம்தான், தமிழிலேயே பேசலாம். என்ன கேட்கலாம்?

உசிலம்பட்டி நர்சம்மா (ஓய்வு):
இடக்கை தலைமேல், சட்டென்று வந்துவிடாதபடி. வலக்கையில் பேடு வைத்துக் கீழே தாங்கணும். இதற்கு விமானம் வேண்டாம் தாயி, இரவு டியூட்டியில் இரண்டிரண்டு பேராகப் போடு. அங்கேயும் பிரசவம் ஆஸ்பத்திரியில்தான், அங்கத்துப் பிள்ளைகளும் கேஸுக்குக் காத்துத்தான் நிற்கும். முதலில் கேள்: கை வைக்க விடுவார்களா, பார்க்க மட்டுமா?

வவுனியா அக்கா:
அம்மா சொல்வது சரி. நான் குடும்ப நல உத்தியோகத்தர், நீங்கள் கிராம சுகாதார செவிலியர் என்பீர்கள். எங்கள் பயிற்சி 18 மாதம். அதில் கடைசி ஆறு மாதம் வெளிக்களம், அதாவது ஊருக்குள் போய்ப் பழகுவது. களுத்துறையில் 1926இல் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலத்திலிருந்து எங்கள் வேலை வீடு வீடாகத்தான். பிள்ளை பிறந்த முதல் பத்து நாளுக்குள் இரண்டு தரம் வீட்டுத் தரிசிப்பு. பால் குடிக்கிறதா, தாய்க்குக் காய்ச்சல் உண்டா, தாய் அழுகிறாளா என்று பார்ப்போம். மாணவிகள் வந்தால் எங்களோடு நடக்கட்டும். செருப்பு நல்லதாக வாங்கி வரச் சொல்லுங்கோ.

மேலூர் டீச்சர்:
வீட்டுத் தரிசிப்பா! நாங்கள் ஹோம் விசிட் என்போம். அம்மா, இரண்டிரண்டு பேராக இந்த மாதமே போட்டுப் பார்க்கிறேன். அக்கா, முதலில் நாங்கள் டீச்சர்கள் இரண்டு பேர் வந்து உங்களோடு நடந்தால் தாய்மார் முகம் சுளிப்பார்களா? பாடத்தில் அந்தப் பத்து நாளை இப்போது நான் ஒரே வகுப்பில் முடித்துவிடுகிறேன், அதனால்தான் கேட்கிறேன்.

வவுனியா அக்கா:
வாங்கோ. தாய்மாரிடம் நான் கேட்டு வைக்கிறேன். அனுமதிக் கடிதம் மட்டும் சுகாதார வைத்திய அதிகாரிக்கு முன்கூட்டியே வரட்டும்.