−10 டிகிரியில் கல்லாகும் நியோப்ரீன் கேஸ்கெட்

கேள்வி:
குளிர்கிடங்குக் கதவு கேஸ்கெட் (இடைவெளியை அடைக்கும் ரப்பர் பட்டை). 100 பங்கு நியோப்ரீன் டபிள்யூ என்ற செயற்கை ரப்பருக்கு துத்தநாக ஆக்சைடு 5, மெக்னீசியம் ஆக்சைடு 4, ஈ.டி.யூ. (சூட்டில் ரப்பர் சங்கிலிகளைப் பிணைக்க உதவும் பொருள்) 0.5. பிரஸ் 160 டிகிரி, 10 நிமிடம். ரப்பரின் கடினத்தன்மை அளவான ஷோர் ஏ 60 வருகிறது. −10 டிகிரியில் ஒரு வாரம் வைத்தால் 85ஐத் தாண்டுகிறது. −35ல் உடைவுச் சோதனை பாஸ். குளிர் தாங்கட்டுமென டி.ஓ.எஸ். என்ற மிருதுவாக்கும் எண்ணெயை 8லிருந்து 15 பங்காக்கினால் இன்னும் சீக்கிரம் இறுகுகிறது. ஏன்?

பதில் 1:
இறுகிய துண்டை 70 டிகிரி அவனில் அரை மணி நேரம் வைத்து, ஆறவிட்டு அளந்து பாருங்கள். பழைய 60க்குத் திரும்பினால் படிகமாதல்தான், அதாவது ரப்பரின் சங்கிலி மூலக்கூறுகள் குளிரில் வரிசையாக அடுக்கி இறுகுவது. திரும்பாவிட்டால் வெப்ப முதுமை அல்லது எண்ணெய் வெளியேற்றம்.

உடைவுச் சோதனையில் துண்டு சில நிமிடமே குளிரில் இருக்கிறது. படிகம் வளர நாள்கணக்காகும், அதனால் அங்கே தெரியாது. நியோப்ரீன் மிக வேகமாகப் படிகமாவது −10ஐ ஒட்டித்தான். −30ல் சங்கிலிகள் நகரவே சிரமப்படுவதால் வேகம் குறையும். டி.ஓ.எஸ். போன்ற எஸ்டர் எண்ணெய் கண்ணாடிநிலை வெப்பத்தை (ரப்பர் கண்ணாடிபோல் விறைக்கும் வெப்பநிலையை) இறக்கும். கூடவே சங்கிலிகளுக்கு அசைவும் தரும். அந்த அசைவில்தான் அவை வரிசையாக அடுக்கிக்கொள்கின்றன. உடைவுக்கு நல்லது, படிகமாதலுக்குக் கெட்டது.

பதில் 2:
முதலில் கிரேடை மாற்றுங்கள். டபிள்யூ ஓரளவு வேகமாகப் படிகமாகும் வகை. டபிள்யூஆர்டி என்ற கிரேடில் டைகுளோரோபியூட்டாடையீன் கலந்திருப்பதால் சங்கிலியின் ஒழுங்கு குலைந்து, படிகமாதல் வெகுவாகத் தாமதமாகும். மற்ற திருத்தமெல்லாம் இதற்குப் பிறகுதான்.

பதில் 3:
க்யூரையும் (சூட்டில் சங்கிலிகள் பிணைவதை) பாருங்கள். குறுக்கிணைப்பு குறைந்தால் படிகம் எளிதில் வளரும். க்யூரை அளக்கும் ரியோமீட்டரில் டி90 (90 சதம் க்யூர் ஆகும் நேரம்) எடுத்து, தடித்த பகுதிக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். கந்தகம் 0.5 முதல் 1 பங்கு சேர்ப்பதும் படிகமாதலைத் தள்ளிப்போடும், ஆனால் வெப்பத் தாங்குதிறன் குறையும். குளிர்கிடங்குக்கு அது பெரிய இழப்பில்லை. எஸ்டரில் பாதிக்குப் பதில் அரோமாட்டிக் எண்ணெய் போடலாம், கருப்பு கேஸ்கெட்டாக இருந்தால் மட்டும். வெளிர் நிறத்தில் கறை படியும்.

கேள்வி கேட்டவர்:
ஏற்கெனவே செய்த ஸ்டாக்கைச் சூடேற்றி அனுப்பலாமா?

பதில் 1:
சூட்டில் மிருதுவாகும், −10ல் மறுபடி இறுகும். அனுப்பாதீர்கள். புதிய கலவையை −10ல் 15 நிமிடம், 24 மணி, 168 மணி கழித்து, குளிர்பெட்டிக்குள்ளேயே ஷோர் அளந்து ஒப்பிடுங்கள். வெளியே எடுத்து அளந்தால் மேல்தோல் சூடேறிப் பொய்க் கணக்கு காட்டும். இன்னொரு துண்டை 25 சதம் அழுத்தி அதே நேரங்களுக்கு வைத்து, விட்டதும் எவ்வளவு மீள்கிறது என்று பாருங்கள். கதவில் அது அழுத்தத்தில்தான் இருக்கப்போகிறது.