கையா அட்டவணையை எந்தக் கோப்பு வடிவத்தில் சேமிப்பது? 1,200-இல் 51 மட்டும் பொருந்துகிறது

புதுவானம்:
எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்காகக் கார்த்திகைக் கொத்தின் (எம்45) 1,200 விண்மீன்களைக் கையா விண்தொலைநோக்கியின் மூன்றாம் தரவு வெளியீட்டிலிருந்து (டிஆர்3) சிஎஸ்வி-யாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த எழுத்துக் கோப்பாக, இறக்கினேன். வேண்டாத நெடுவரிசைகளை ஸ்ப்ரெட்ஷீட்டில் அழித்துவிட்டு மறுபடி சிஎஸ்வி-யாகவே சேமித்தேன். டாப்கேட் என்ற அட்டவணை மென்பொருளில் சோர்ஸ் ஐடி-யை (ஒவ்வொரு விண்மீனுக்கும் கையா தரும் அடையாள எண்) வைத்து உறுப்பினர் பட்டியல் ஒன்றோடு பொருத்தினால் 51 மட்டும்தான் சேர்கிறது. ஆர்ஏ, டெக் (வானில் இருக்கும் இடத்தின் ஆயங்கள்) வைத்துப் பொருத்தினால் எல்லாமே சேர்கிறது! வேறு வடிவத்தில் சேமித்திருக்க வேண்டுமா?

துருவன்:
உங்கள் கோப்பில் எல்லா ஐடி-யும் 00 என்று முடிகிறதா, பாருங்கள்.

புதுவானம்:
ஐயோ, ஆமாம் சார். எல்லாமே.

துருவன்:
சரி, அதுதான் விஷயம். கையா ஐடி 64 பிட் முழு எண். கார்த்திகைப் பக்கம் 17 இலக்கம் வரும். ஸ்ப்ரெட்ஷீட் 15 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும், மிச்சத்தைப் பூச்சியமாக்கிவிடும். சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனான ப்ராக்ஸிமா செண்டாரியின் ஐடி 5853498713190525696-ஐ அதில் அடித்துப் பாருங்கள், கடைசி நாலு இலக்கம் போய்விடும்.

அந்த 51 எப்படித் தப்பின என்பது இன்னும் சுவாரசியம். இந்த ஐடி-கள் 128-இன் மடங்குகள், ஆகவே 4-இன் மடங்குகள். அப்படிப்பட்ட எண்களில் 25-க்கு ஒன்று இயல்பாகவே 00-வில் முடியும், பூச்சியமாக்கினாலும் மாறாது. 1,200-க்குச் சராசரியாக 48, உங்கள் 51-க்குப் பக்கம். கணக்கு சரியாக வருகிறதா?

காகிதராக்கெட்:
சிஎஸ்வி மேல் பழி போடாதீர்கள், அதை ஸ்ப்ரெட்ஷீட்டில் திறந்ததுதான் தப்பு. ஆனால் சிஎஸ்வி-யில் அலகு நிற்காது. இடமாறு (தூரத்தைக் கணக்கிட உதவும் சிறு கோணம்) 7.4 என்று மட்டும் இருந்தால் மில்லி ஆர்க்செகண்ட் என்று யாருக்குத் தெரியும்? ஆர்க்செகண்ட் என்று எடுத்துக்கொண்டால் 135 பார்செக்கில் உள்ள கொத்து ப்ராக்ஸிமாவை விடப் பக்கத்தில் வந்து நிற்கும்! சின்ன அட்டவணைக்கு சிஎஸ்வி-யின் விரிவாக்கமான ஈசிஎஸ்வி போதும். தலைப்பகுதியில் அலகும் தரவு வகையும் எழுதியிருக்கும், சாதாரண எடிட்டரிலும் படிக்கலாம்.

துருவன்:
பார்ப்பதற்கு ஈசிஎஸ்வி, ஒத்துக்கொள்கிறேன். வேலை செய்ய நான் வானியலாளர்களின் வழக்கமான கோப்பு வடிவமான ஃபிட்ஸ்தான் வைப்பேன். 80 எழுத்துத் தலைப்பு வரிகளில் பஞ்ச் கார்டு வாசனை அடிக்கும், ஆனால் எண்கள் பைனரியாக அப்படியே இருக்கும், லட்சக்கணக்கான வரிசைகளும் சட்டென்று திறக்கும். விஓடேபிள் என்ற இன்னொரு வானியல் வடிவத்திலும் அலகு, விளக்கம் எல்லாம் நிற்கும். எக்ஸ்எம்எல் என்பதால் எழுத்தாகச் சேமித்தால் பருத்துவிடும்.

அப்புறம் பைத்தானின் அட்டவணை நூலகமான பாண்டாஸ் பக்கம் போனால் கவனம். வெற்று மதிப்பு ஒன்று நுழைந்தாலே முழு எண் நெடுவரிசை தசமமாக மாறிவிடும். கார்த்திகை ஐடி-கள் அதில் தப்பிக்கும், 19 இலக்க ஐடி-கள் பெரும்பாலும் தப்பாது.

புதுவானம்:
ஃபிட்ஸாக மறுபடி இறக்கி, டாப்கேட்டிலேயே நெடுவரிசைகளை மறைத்துச் சேமித்தேன். 1,200-ம் சேர்ந்துவிட்டது! அதோடு எஸ்டிஎஸ்எஸ் என்ற வான ஆய்வின் ஒளி அளவுகளையும் சேர்க்கப் போகிறேன்.

துருவன்:
அப்படியானால் கையாவின் பெரிய ஜி (G) ஒளி அளவுக்கும் எஸ்டிஎஸ்எஸ்-இன் சின்ன ஜி (g) ஒளி அளவுக்கும் வேறு வேறு பெயர் வையுங்கள். ஃபிட்ஸ் நெடுவரிசைப் பெயர்களில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் கிடையாது.